கீழே ஓடும் ஆற்றை முதலில் கணக்கிடுங்கள்

கோலா சாவா என்ற ஊர்ப்பெயரில் இரண்டு மலாய்ச் சொற்கள் இருக்கின்றன. 'கோலா' என்றால் ஓர் ஆறு கடலோடு அல்லது வேறோர் ஆற்றோடு கலக்கும் இடம். 'சாவா' என்றால் நெல் வயல். இன்று அந்தப் பக்கம் போகிறவர்களின் கண்ணில் அதிகம் படுவது செம்பனைதான். ஆனாலும் ஊரின் பெயர் ஆற்றையும் வயலையும் இன்னும் சேர்த்தே சொல்லிக்கொண்டிருக்கிறது.

ஆறு பள்ளத்தில் ஓடும்; வயல் அதைவிட மேட்டில் இருக்கும். நெகிரி செம்பிலானின் பழைய நெல் விவசாயிகள் மரத்தாலும் மூங்கிலாலும் பெரிய நீர்ச்சக்கரங்கள் செய்து ஆற்றில் நிறுத்தினார்கள். ஆற்றின் ஓட்டமே சக்கரத்தைச் சுற்றும். சக்கரம் நீரை மேலே ஏற்றி வயலுக்குக் கொடுக்கும். மலாய் மொழியில் அதற்கு 'கிஞ்சிர் ஆயர்' என்று பெயர். பக்கத்தில் இருக்கும் வயலுக்கு அது போதும். பல கிலோமீட்டர் தள்ளியிருக்கும் வயலுக்கு வாய்க்கால்தான் வெட்ட வேண்டும்.

அப்படி வெட்டிக்கொண்டு போகும்போது வழியில் இன்னோர் ஆறு குறுக்கே வந்தால் என்ன செய்வது? வாய்க்கால் நீரை அந்த ஆற்றில் விட்டால் அது ஆற்றோடு போய்விடும். அதனால் ஆற்றுக்கு மேலே பாலம் கட்டி, பாலத்தின் மேல் ஒரு நீண்ட தொட்டி அமைத்து, வாய்க்காலையே அதன் வழியாக ஓடவிடுகிறார்கள். இதைத்தான் தமிழில் தொட்டிப்பாலம் என்கிறோம்.

தொட்டிப்பாலத்தைப் பற்றிப் பேசும்போது பெரும்பாலும் மேலே ஓடும் நீரைப் பற்றியே பேசுகிறோம். எவ்வளவு உயரம், எவ்வளவு நீளம், ஆசியாவில் எத்தனையாவது என்று கேட்கிறோம். இந்தக் கேள்விகள் தவறில்லை. ஆனால் அந்தப் பாலம் நிற்குமா விழுமா என்பதைப் பல சமயம் முடிவுசெய்வது கீழே ஓடும் ஆறுதான். அதை முதலில் கணக்கிடும் பழக்கம் நமக்கு வர வேண்டும் என்பதே என் கருத்து. இது பெரிய அணைக்கட்டுகளுக்கு மட்டுமன்றித் தோட்டத்து ஓடைப்பாலத்துக்கும் பொருந்தும்.

மாத்தூரில் மேலே நடப்பது

தமிழ்நாட்டில் மிகவும் பெயர்பெற்றது கன்னியாகுமரி மாவட்டத்தில், திருவட்டாறு அருகே உள்ள மாத்தூர் தொட்டிப்பாலம். விடுமுறையில் உறவினர்களைப் பார்க்கத் தமிழ்நாட்டுக்குப் போகும் நம் குடும்பங்களில் சிலர் இதைப் பார்த்திருக்கலாம். 1960-களில் கட்டப்பட்டது. காமராசரின் பெயரோடு சேர்த்தே மக்கள் இதைப் பேசுவார்கள். பறளியாறு ஓடும் பள்ளத்தாக்கின் ஒரு பக்கக் குன்றிலிருந்து மறுபக்கக் குன்றுக்கு, 28 தூண்களின் மேல், பட்டணங்கால் வாய்க்காலின் நீரை இது கொண்டு செல்கிறது. உயரமான தூண்கள் நூறு அடியைத் தாண்டும். தொட்டியின் அகலமும் ஆழமும் ஏறத்தாழ 7 அடி.

இப்போது ஒரு சிறு கணக்குப் போடுவோம். 7 அடி என்பது 2 மீட்டருக்குச் சற்று அதிகம். எளிமைக்காக 2 மீட்டர் என்றே வைத்துக்கொள்வோம். தொட்டி நிறைய நீர் ஓடினால், ஒவ்வொரு மீட்டர் நீளத்திலும் 2 × 2 × 1 = 4 கன மீட்டர் நீர் இருக்கும். ஒரு கன மீட்டர் நீரின் நிறை 1000 கிலோகிராம். ஆகவே மீட்டருக்கு 4 டன். பத்து மீட்டருக்கு 40 டன். ஒரு லாரி 10 டன் செம்பனைக் குலை ஏற்றும் என்றால், பத்து மீட்டர் தூரத்துக்குள் நான்கு லாரிகளின் சரக்கைக் குவித்து வைத்தது போன்ற பாரம் இது. வாகனப் பாலத்தில் பாரம் வந்து வந்து போகும். தொட்டிப்பாலத்திலோ நீர் ஓடும் காலம் முழுதும், இரவும் பகலும், பாரம் இறங்குவதே இல்லை.

பக்கச் சுவர்களுக்கும் வேலை உண்டு. இயற்பியல் பாடத்தில் படிக்கும் அழுத்தச் சூத்திரத்தைப் போட்டுப் பாருங்கள். 2 மீட்டர் ஆழத்தில் நீரின் அழுத்தம் 1000 × 9.81 × 2, அதாவது ஏறத்தாழ 20,000 பாஸ்கல். மேற்பரப்பில் அது சுழி. சராசரி 10,000 பாஸ்கல். 2 மீட்டர் உயரச் சுவரின் ஒவ்வொரு மீட்டர் நீளத்தையும் நீர் ஏறத்தாழ 20,000 நியூட்டன் விசையோடு வெளியே தள்ளிக்கொண்டிருக்கிறது. இது 2 டன் எடைக்குச் சமம்.

இவற்றைவிட நுட்பமானது சரிவு. நீர் ஓட வேண்டுமானால் தொட்டி சரிந்திருக்க வேண்டும். அதிகம் சரிந்தால் மறுகரையில் நீர் தாழ்வாகப் போய்ச் சேரும். மேட்டு வயல்களுக்கு ஏறாது. சரிவு போதாமல் போனால் நீர் மந்தமாகி வண்டல் படியும். பிரான்சின் நீம் நகருக்கு ரோமானியர்கள் கி.பி. முதல் நூற்றாண்டில் 50 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு நீர்வழி கட்டினார்கள். அதன் வழியில் கார் ஆற்றைக் கடப்பதுதான் 49 மீட்டர் உயரமுள்ள புகழ்பெற்ற போன் டு கார் பாலம். அந்த 50 கிலோமீட்டர் தூரத்துக்கும் சேர்த்து மொத்தச் சரிவு 12 அல்லது 13 மீட்டர்தான். சராசரியாக ஒரு கிலோமீட்டருக்கு 25 சென்டிமீட்டர், ஓர் அடிமட்டத்தின் நீளம்கூட இல்லை.

மேலே ஓடும் நீருக்கு ஒரு நல்ல குணம் உண்டு. அது அடக்கமானது. வாய்க்காலின் தலைப்பில் மதகு இருக்கிறது. எவ்வளவு திறக்கிறோமோ அவ்வளவுதான் வரும். ஆகவே மேலே உள்ள கணக்கு எல்லாம் மனிதன் கையில் இருக்கும் கணக்கு. கீழே ஓடும் ஆற்றுக்கு அப்படி மதகு கிடையாது. மாத்தூரில் பள்ளத்தாக்கு ஆழமாக இருப்பதால் வெள்ளம் தொட்டிக்கு வெகு கீழேயே போய்விடுகிறது. எல்லா இடத்திலும் நிலம் அப்படி உதவுவதில்லை.

ஒரே வாய்க்கால், மூன்று வழிகள்

வட இந்தியாவின் கங்கை வாய்க்கால் 1854-இல் திறக்கப்பட்டது. அதைக் கட்டிய பொறியாளர் புரோபி காட்லி. ஹரித்துவாரில் கங்கையிலிருந்து புறப்படும் வாய்க்கால் ரூர்க்கி நகரை அடைவதற்குள், சிவாலிக் மலையிலிருந்து இறங்கும் நான்கு ஆறுகள் அதன் குறுக்கே வருகின்றன. வறண்ட காலத்தில் மணல் படுகையாகத் தெரியும் காட்டாறுகள் மழைக்காலத்தில் பாய்ந்து வரும். காட்லி நான்கையும் ஒரே மாதிரி கடக்கவில்லை.

ராணிப்பூர், பத்ரி என்ற இரண்டு காட்டாறுகளின் படுகை வாய்க்காலைவிட உயரத்தில் இருந்தது. அங்கே வாய்க்காலைக் கீழே விட்டு, காட்டாறுகளுக்கு மேலே பாலம் போட்டார். ஆறு பாலத்தின் மேல் ஓடுகிறது. வாய்க்கால் கீழே போகிறது. அடுத்து தனௌரி என்ற இடத்தில் ரத்மாவ் ஆறும் வாய்க்காலும் ஒரே மட்டத்தில் சந்தித்தன. அங்கே ஆற்றை ஒரு பக்கம் உள்ளே வரவிட்டு, எதிர்ப் பக்கம் மதகுகள் வைத்த தடுப்பணை வழியாக வெளியே போக வழி செய்தார். கடைசியில் ரூர்க்கி அருகே சோலானி ஆற்றின் படுகை வாய்க்காலைவிடத் தாழ்வாக இருந்தது. அங்கேதான் தொட்டிப்பாலம் கட்டினார். ஒவ்வொன்றும் 50 அடி அகலமுள்ள 15 வளைவுகள் வழியாகச் சோலானி கீழே போக, வாய்க்கால் மேலே போகிறது.

இந்தப் பட்டியலைக் கவனியுங்கள். எந்த இடத்தில் எந்த முறை என்பதை வாய்க்கால் முடிவு செய்யவில்லை. ஆற்றின் மட்டமும் ஆற்றின் வெள்ளமும்தான் முடிவு செய்தன. 15 வளைவுகள் என்ற எண்ணிக்கையும் மேலே போகும் நீருக்காக வந்ததன்று. கீழே வரும் வெள்ளம் தடைபடாமல் போக 750 அடி திறப்பு விட்டிருக்கிறார்கள்.

நத்ரை சொன்ன பாடம்

கீழ்க்கங்கை வாய்க்கால் அதற்குப் பின் வந்தது. அது இன்றைய உத்தரப் பிரதேசத்தின் காஸ்கஞ்ச் அருகே, நத்ரை என்ற இடத்தில், காளி நதியைக் கடக்க வேண்டும். காளி நதி பெரும்பாலான நாட்களில் சிறிய ஆறு. அதற்குத் தகுந்த அளவில் ஒரு தொட்டிப்பாலம் கட்டினார்கள். 1884-இல் வந்த வெள்ளம் அதைச் சேதப்படுத்தியது. 1885 ஜூலையில் வந்த பெருவெள்ளம் அதை அடித்துக்கொண்டு போய்விட்டது.

காரணம் எளிது. ஆற்றில் ஒரு விநாடிக்கு இவ்வளவு நீர் வருகிறது என்றால், அவ்வளவும் பாலத்தின் திறப்பு வழியாகப் போயாக வேண்டும். திறப்பு சிறியதாக இருந்தால் நீர் பாலத்துக்கு முன்னால் தேங்கி உயரும். உயர்ந்த நீர் திறப்பின் வழியாக வேகமாகப் பாயும். வேகம் கூடினால் தூணின் அடியில் இருக்கும் மண்ணை அரிக்கும். அடித்தளம் போன பிறகு மேலே உள்ள கட்டுமானம் எவ்வளவு உறுதியாக இருந்தும் பயனில்லை.

பழைய பாலம் இருந்த இடத்தில் 1889-க்குள் புதிய பாலம் எழுந்தது. இந்த முறை 60 அடி அகலமுள்ள 15 வளைவுகள், மொத்தம் 900 அடி திறப்பு. பழைய பாலத்தைவிடப் பல மடங்கு அகலம். மேலே போகும் வாய்க்கால் மாறவில்லை. கீழே போகும் ஆற்றைப் பற்றிய கணக்குதான் மாறியது. அந்தப் பாலம் இன்றும் நின்று நீர் கொண்டு செல்கிறது.

நூறு ஆண்டு வெள்ளம் என்றால் என்ன?

"அவ்வளவு பெரிய வெள்ளம் நூறு ஆண்டுக்கு ஒரு முறைதானே வரும்? அதற்காக இவ்வளவு செலவு செய்ய வேண்டுமா?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. பணம் எல்லையற்றது அல்ல. ஆனால் 'நூறு ஆண்டு வெள்ளம்' என்ற சொல்லைப் பலரும் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். ஒரு முறை வந்துவிட்டால் அடுத்த நூறு ஆண்டுக்குக் கவலையில்லை என்று பொருளன்று. ஒவ்வோர் ஆண்டும் அது வர நூற்றில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு என்பதே பொருள்.

நிகழ்தகவுக் கணக்காகப் பாருங்கள். ஓர் ஆண்டில் அந்த வெள்ளம் வராமல் இருக்க வாய்ப்பு 0.99. ஒரு பாலம் 50 ஆண்டு நிற்க வேண்டும் என்றால், 50 ஆண்டும் வராமல் இருக்க வாய்ப்பு 0.99-ஐ 50 முறை பெருக்கிய எண். அது ஏறத்தாழ 0.6. அப்படியானால் ஒரு முறையாவது வர வாய்ப்பு 0.4, அதாவது 40 விழுக்காடு. நாணயத்தைச் சுண்டிப் பூ விழுவதற்கு உள்ள வாய்ப்பைவிட இது கொஞ்சம்தான் குறைவு.

இன்னொன்றும் உண்டு. ஆறு நேற்று இருந்தபடி இன்று இருப்பதில்லை. சிரம்பானைச் சுற்றித் தோட்டமாக இருந்த நிலங்கள் பல இன்று வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. மண் தரை மழைநீரில் ஒரு பங்கைக் குடிக்கும். தார்ச்சாலையும் சிமெண்டுத் தரையும் குடிக்காது. அதே மழை பெய்தாலும், முன்பைவிட அதிக நீர் முன்பைவிட விரைவாக ஓடைக்கு வந்து சேரும். அன்று போதுமானதாக இருந்த திறப்பு இன்று போதாது. 2021 டிசம்பரில் சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் உள்ளிட்ட மாநிலங்களில் வந்த வெள்ளத்தை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். பழைய கணக்கைத் திருப்பிப் பார்க்க வேண்டும் என்பதற்கு அதைவிட வேறு சான்று தேவையில்லை.

செலவைப் பற்றி நத்ரையே பதில் சொல்கிறது. சிறிய கணக்கில் கட்டியதால் அங்கே ஒரே பாலத்துக்கு இரண்டு முறை செலவு செய்தார்கள். நடுவில் வாய்க்கால் அறுந்துபோனது.

அதற்காக எல்லாப் பாலத்தையும் மிகப் பெரியதாகக் கட்டச் சொல்லவில்லை. சிறிய ஓடையில், கரையோடு கரையாகத் தாழ்வான சிமெண்டுத் தளம் போட்டு, வெள்ளம் வந்தால் அதன் மேலேயே போகட்டும் என்று விடலாம். சில மணி நேரம் வழி அடைபடும். ஆனால் தளம் உடையாது. காட்லி தனௌரியில் செய்ததும் ஏறத்தாழ இதுதான்: ஆற்றோடு சண்டை போடாமல் அதற்கு வழி விட்டார். பெரியதா சிறியதா என்பது பிறகு வரும் கேள்வி. வெள்ளம் வரும்போது நீர் எங்கே போகும் என்று முன்பே யோசித்தார்களா என்பதே முதல் கேள்வி.

நம் தோட்டத்து ஓடையில்

தோட்டச் சாலைகள் ஓடையைக் கடக்கும் இடத்தில், பல சமயம் சாலைக்கு அடியில் ஒரு சிமெண்டுக் குழாயைப் புதைத்து மேலே மண் போட்டிருப்பார்கள். இதுவும் தொட்டிப்பாலத்தின் உறவுதான். மேலே வாய்க்காலுக்குப் பதில் சாலை போகிறது. கீழே ஆற்றுக்குப் பதில் ஓடை போகிறது. கணக்கு ஒன்றே.

ஓர் எடுத்துக்காட்டு பார்ப்போம். குழாயின் விட்டம் 0.9 மீட்டர். அதன் வாயின் பரப்பு ஏறத்தாழ 0.64 சதுர மீட்டர். நீர் விநாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் ஓடினால், குழாய் விநாடிக்கு 1.3 கன மீட்டர் நீரைக் கடத்தும். சாதாரண நாளில் ஓடை 3 மீட்டர் அகலம், 0.4 மீட்டர் ஆழம், விநாடிக்கு அரை மீட்டர் வேகம் என்றால் வருவது 0.6 கன மீட்டர். குழாய் தாராளமாகப் போதும். பெருமழையில் அதே ஓடை 5 மீட்டர் அகலம், 1.2 மீட்டர் ஆழம், விநாடிக்கு 2 மீட்டர் வேகம் என்றால் வருவது 12 கன மீட்டர். குழாய் கடத்தக்கூடியதைப்போல் ஒன்பது மடங்கு! செம்பனை மட்டை ஒன்று வந்து வாயை அடைத்துக்கொண்டால் அதுவும் போயிற்று. நீர் சாலையின் மேல் ஏறும், மண்ணைக் கரைக்கும், சாலை அறுந்துபோகும். பள்ளிப் பேருந்து வராது. நோயாளியை மருத்துவமனைக்குக் கொண்டுபோக முடியாது. பெரிய அணைகளைப் பற்றிய செய்தி நாளிதழில் வரும். இந்தச் சிறு குழாய்களைப் பற்றிய செய்தி வருவதில்லை. ஆனால் உள்ளே வாழும் குடும்பங்களின் அன்றாடம் இவற்றை நம்பித்தான் இருக்கிறது.

இதை நீங்களே அளக்கலாம். மழையில்லாத நாளில், ஆசிரியரோ பெற்றோரோ உடன் இருக்கும்போது, கரையோரத்தில் 10 மீட்டர் தூரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு காய்ந்த குச்சியை நீரில் போட்டு, அது அந்தத் தூரத்தைக் கடக்க எத்தனை விநாடி ஆகிறது என்று பாருங்கள். தூரத்தை நேரத்தால் வகுத்தால் மேற்பரப்பின் வேகம். அடியில் வேகம் குறைவு என்பதால் அதை 0.85-ஆல் பெருக்குங்கள். அகலத்தையும் சராசரி ஆழத்தையும் பெருக்கினால் பரப்பு. பரப்பையும் வேகத்தையும் பெருக்கினால் விநாடிக்கு ஓடும் நீரின் அளவு. அடுத்து, கரையில் பழைய வெள்ளம் விட்டுப்போன அடையாளத்தைத் தேடுங்கள்: மரத்தில் படிந்த சேறு, வேலியில் சிக்கிய குப்பை. அந்த உயரத்தைக் குறித்துக்கொண்டு, குழாயின் விட்டத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மழை பெய்யும்போதும் பெய்து ஓய்ந்த உடனும் ஓடைப்பக்கம் போகவே கூடாது. அப்போது அளப்பது உங்கள் வேலையல்ல.

இந்த எண்களைத் தேதியோடும் படத்தோடும் எழுதி வைத்தால், அது வெறும் பள்ளிச் செயல்திட்டமாக நின்றுவிடாது. தோட்ட நிர்வாகத்திடமோ மாவட்ட நீர்ப்பாசன வடிகால் இலாகாவிடமோ பெரியவர்கள் பேசப் போகும்போது, "குழாய் சின்னது" என்று சொல்வதைவிட "குழாய் இவ்வளவு கடத்தும், வெள்ளக் குறி இவ்வளவு உயரத்தில் இருக்கிறது" என்று சொல்வது எடுபடும்.

போட்டியிலும் வெள்ளம் விடுங்கள்

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். அறிவியல் கண்காட்சிக்கும் பாலம் கட்டும் போட்டிக்கும் மாணவர்கள் மாதிரிகள் செய்கிறார்கள். ஐஸ்கிரீம் குச்சிப் பாலத்தின் மேல் எடைகளை அடுக்கி, எது அதிகம் தாங்குகிறது என்று பார்த்துப் பரிசு கொடுக்கிறோம். தொட்டிப்பாலம் செய்தால் மேலே நீர் ஊற்றி, ஒழுகுகிறதா என்று பார்க்கிறோம். இவை தேவைதான். ஆனால் பாதிச் சோதனைதான்.

மீதிப் பாதியையும் செய்யுங்கள். மாதிரியை மணல் பரப்பிய தட்டில் நிறுத்தி, கீழே நீரை விடுங்கள். முதலில் ஒரு குவளை, பிறகு ஒரு வாளி. நீரோடு கொஞ்சம் இலையும் சுள்ளியும் வரட்டும். எந்தத் தூணின் அடியில் மணல் முதலில் அரிக்கிறது, எந்தத் திறப்பு முதலில் அடைகிறது என்று மாணவர்கள் பார்க்கட்டும். குறைந்த தூண்களோடு அகலத் திறப்பு வைத்த குழு ஏன் தப்பியது என்று அவர்களே விளக்கட்டும். அந்தச் சோதனையில் நின்ற பாலத்துக்குப் பரிசு கொடுங்கள்.

தடையைக் கடக்க நீருக்கு வழி தேடும் வேலை நம் நாட்டிலும் தொடர்ந்து நடக்கிறது. பகாங்கிலிருந்து சிலாங்கூருக்கு நீர் கொண்டுவர, தித்திவங்சா மலைத்தொடரைக் குடைந்து 44.6 கிலோமீட்டர் நீளச் சுரங்கம் 2014-இல் முடிக்கப்பட்டது. இத்தகைய அடுத்த திட்டத்தின் வரைபடத்தில் உங்களில் ஒருவர் கையெழுத்துப் போடும் நாள் வரலாம். அன்று வரைபடத்தில் தடித்த கோடாக நீங்கள் கொண்டுபோகும் நீர் இருக்கும். அதன் குறுக்கே மெல்லிய கோடாக, பெயர்கூடச் சரியாக எழுதப்படாத ஏதோ ஓர் ஓடை இருக்கும். பேனாவை அந்த மெல்லிய கோட்டின் மேல் வைத்து, "இது பொங்கினால் எவ்வளவு வரும்?" என்று முதலில் கேளுங்கள்.